பார்க்கலாம் என்று நான் சொன்ன இரண்டு வண்டிகள்

கதிர்,

இந்தக் கடிதத்தைச் சுகன்யா உனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ எழுத்துகளைக் கற்றாய்; வாசிக்கும் வேகம் வருவதற்குள் கூடைப்பந்து வந்துவிட்டது. ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். மூன்று முறை ஆங்கிலத்தில் தொடங்கினேன். மூன்றும் நான் மில்பிடாஸ் அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்த சோதனை அறிக்கைகளைப் போலவே வந்தன. கண்டவை, காணாதவை, பரிந்துரை. அந்த மொழியில் ஒளிந்துகொள்ள எனக்கு நன்றாகத் தெரியும். தமிழில் நான் அறிக்கை எழுதியதில்லை. அதனால் இதில் ஒளிய இடம் குறைவு.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மதியம் நீ அந்த வெள்ளை மோட்டார்ஹோமுக்குக் கையெழுத்துப் போடப்போகிறாய். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நீ, சுகன்யா, குழந்தை இனியா மூன்று பேரும் அதிலேயே வாழ்ந்துகொண்டு ஊர் ஊராகப் போகப்போகிறீர்கள். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை வாங்காதே. அதன் எஞ்சின் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. இது என் பயம் பேசுவதல்ல. ஆனால் நான் இப்படிச் சொன்னால் நீ நம்பமாட்டாய். ஏன் நம்பமாட்டாய் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வரிசையாகச் சொல்வது என் பழக்கம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்வேன், பொறுத்துக்கொள்.

முப்பது வருடங்கள் என் வேலை பாகங்களைச் சோதிப்பது. வாடிக்கையாளருக்குப் போகும் முன் ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையும் என் மேசைக்கு வரும். போகலாம், போகக்கூடாது என்று நான் சொல்ல வேண்டும். அந்த வேலையில் இரண்டு வகைத் தவறுகள் உண்டு. கெட்டதை நல்லதென்று அனுப்பிவிடுவது ஒன்று. நல்லதைக் கெட்டதென்று ஒதுக்கிவிடுவது இன்னொன்று. முதல் தவறைச் செய்தால் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். இரண்டாவதைச் செய்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பலகை ஒரு நீலத் தொட்டியில் கிடக்கும், வாரக் கடைசியில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது வேலை செய்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. இயல்பிலேயே பயந்தவனான எனக்கு இது வசதியாக இருந்தது. ஐயம் வந்தால் ஒதுக்கு. என்னைக் கவனமானவன் என்று பாராட்டினார்கள். அந்த நீலத் தொட்டியை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பதை யாரும் பார்க்கவில்லை, அம்மாவைத் தவிர.

வீட்டில் அந்தத் தொட்டிக்கு ஒரு பெயர் இருந்தது. பாக்கலாம். நம் வீடுகளில் வளர்ந்த யாரையும் கேட்டுப்பார், அப்பா 'பாக்கலாம்' என்று சொன்னால் என்ன பொருள் என்று தெரியும். முடியாது என்று சொல்லும் தைரியம் இல்லாதவர்களுக்காக அந்தச் சொல் இருக்கிறது. என் அப்பா சொன்னார், அவருடைய அப்பாவும் சொல்லியிருப்பார். ஈரோட்டில் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டுவிட்டு இரண்டாவது முறை கேட்காது. நீ இங்கே பிறந்தவன். உனக்குத் தமிழ் புரியும், ஆனால் அகராதியில் இருக்கிறபடி புரியும்.

உனக்கு ஒன்பது வயது. எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் காட்டுப் பூங்காவுக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் அந்தப் பையன் உன்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். படுக்கை மடிந்து சோபாவானதை நீ இரவுச் சாப்பாட்டின்போது கைகளால் செய்து காட்டினாய். "நாமளும் போலாமா அப்பா?" என்று கேட்டாய். "பாக்கலாம்" என்றேன். கோடை விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை காலை, நான் செய்தித்தாள் எடுக்க வெளியே வந்தபோது, நீ வாசலில் கார் நிற்கும் டிரைவ்வேயில் உன் பள்ளிப்பையோடு உட்கார்ந்திருந்தாய். பைக்குள் ஒரு டார்ச், இரண்டு ஜட்டி, ஒரு டப்பா முறுக்கு.

"எங்கடா கிளம்பிட்ட?"

"யெல்லோஸ்டோன். யூ செட் வீ கேன் ஸீ."

அம்மா வாசலில் நின்று சிரித்தாள். பிறகு உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னை உள்ளே கூட்டிவந்து, ஒரு கோப்பு திறந்து, அதில் யெல்லோஸ்டோன் என்று எழுதினேன். கரடிகள், உயரமான இடத்தில் மூச்சு, நம் காரின் ரேடியேட்டர், வழியில் ஆஸ்பத்திரி எங்கெங்கே இருக்கிறது. இரண்டு மாதம் அந்தக் கோப்பு தடித்துக்கொண்டே போனது. நீயும் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். ஆகஸ்டில் நீ வருவதை நிறுத்திவிட்டாய். அன்றைக்கு நீ அந்தச் சொல்லின் சரியான பொருளைக் கற்றுக்கொண்டாய் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் பெரிதாக எதையும் நீ கேட்டதில்லை. செய்துவிட்டு வந்து சொன்னாய். நான் அதை உன் பொறுப்புணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா கதையும் அதுதான். சிக்னல் இல்லாத ஃப்ரீவேயில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். பாக்கலாம் என்றேன். மௌரி அவென்யூவில் காய்கறி வாங்க, மில்பிடாஸில் கோயிலுக்குப் போக, சிக்னல் சிக்னலாக நின்று உள்சாலையிலேயே போனாள், அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கற்றுக்கொண்டு, நான்கு வருடமாக அவள் எண்ணூற்றெண்பதாம் எண் ஃப்ரீவேயில் அறுபத்தைந்து மைல் வேகத்தில் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் எனக்குப் பல்வலி வந்து பல் டாக்டரிடம் அவசரமாகப் போக வேண்டியிருந்தபோதுதான் தெரிந்தது. அவள் இன்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, ஒரு லாரிக்கு முன்னால் அழகாக நுழைந்தாள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எப்பக் கத்துக்கிட்ட?" என்றேன். "நீங்க பாத்துட்டு இருந்தீங்களே, அப்ப" என்றாள்.

இனி வண்டிகளைப் பற்றி.

இனியாவின் ஆறாவது பிறந்தநாளுக்கு மறுநாள், மிச்சக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீயும் சுகன்யாவும் உங்கள் திட்டத்தைச் சொன்னீர்கள். இருவருக்கும் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை, இனியாவுக்கு நீங்களே பாடம் சொல்லிக்கொடுப்பீர்கள், வாடகை ஒப்பந்தம் முடியும்போது வீட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய டீசல் மோட்டார்ஹோம் ஒன்றில் குடியேறுவீர்கள். நான் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ தேடினேன். அம்மாதான் பேசினாள்.

"பாத்ரூம் இருக்குமா அதுல?"

"இருக்கும்மா. ஷவர்கூட இருக்கு."

"அப்பறம் என்ன? நாங்க வந்தப்ப இருந்த மில்பிடாஸ் அப்பார்ட்மென்ட்டவிட நல்லாத்தான் இருக்கும்."

சுகன்யா என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, நீங்கதான் வண்டியச் செக் பண்ணித் தரணும். உங்களவிட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். கோவையிலிருந்து வந்தவள், கேட்காமல் செய்துவிட்டுச் சொல்லும் நம் வீட்டுப் பழக்கம் அவளுக்கு இன்னும் ஒட்டவில்லை. நான் சம்மதித்தேன். இரண்டு மாதம் படித்தேன். நூற்று நாற்பத்திரண்டு வரிகளில் ஒரு பட்டியல் தயாரித்தேன். அந்த இரண்டு மாதமும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ வாரத்தில் மூன்று நாள் எனக்குப் போன் செய்தாய். கல்லூரிக்குப் போனதிலிருந்து நீ அவ்வளவு பேசியதில்லை.

முதல் வண்டி லோடை ஊர்ப் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நின்ற பழுப்பு வண்டி. விற்றவர் கிளென். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மெக்கானிக். அவருடைய மனைவிக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வண்டியின் படிகளில் ஏற முடியவில்லை, அதனால் விற்கிறார். பின்பக்க எஞ்சின் மூடியைத் தூக்கிக் காட்டினார். மூடியின் உட்புறத்தில், மார்க்கர் பேனாவால், ஆயில் மாற்றிய ஒவ்வொரு முறையும் தேதியும் மைலும் எழுதியிருந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே கையெழுத்து. கீழே வர வர எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. நான் மூன்று மணி நேரம் பார்த்தேன். நீ டார்ச் பிடித்தாய். கூரையில் ஒட்டுகள் சரி. சுவர்களைத் தட்டினேன், எங்கும் உப்பல் இல்லை. ஏர் பிரேக்கில் காற்று இறங்காமல் நின்றது. கிளென் என்னிடம், உங்களைப் போலக் கவனமாகப் பார்க்கிற ஒருவரிடம் இதைக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார்.

பின்பக்க ரேடியேட்டரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. நினைவிருக்கிறதா? நீதான் முதலில் பார்த்தாய்.

"அப்பா, வாட்ஸ் தட்? ஆயிலா?"

"ஆயில்தான்."

"இஸ் இட் பேட்?"

"எங்கிருந்து வருதுன்னு பாக்கணும்."

எங்கிருந்து வருகிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். எஞ்சினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அங்கே படிகிறது. பின்னால் எஞ்சின் வைத்த அந்தக் கால வண்டிகளில் அது சாதாரணம். குழாயைக் கொஞ்சம் நீட்டிவிட்டு, ரேடியேட்டரைச் சோப்புத் தண்ணீரால் கழுவினால் தீர்ந்தது. என் பட்டியலில் எண்பத்தேழாவது வரியில் நானே அப்படி எழுதிவைத்திருந்தேன். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குழாய் வழியாக எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பத்து நாளில் முடிவு வந்தது. எல்லாம் இயல்பான அளவில் இருந்தது. அந்த வயது எஞ்சினுக்கு அதைவிட நல்ல அறிக்கையை யாரும் எதிர்பார்க்க முடியாது.

அதை நான் உனக்கு அனுப்பவில்லை.

பொய் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை, கதிர். அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். உனக்கு அனுப்பிய குறிப்பில் எண்ணெய்ப் பிசுக்கை முதல் வரிக்குக் கொண்டுபோனேன். நல்லவை எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போயின. கடைசியில், எஞ்சினில் நான் இன்னும் சோதிக்காத பகுதிகள் உண்டு என்று எழுதினேன். அறிக்கை என் மேசை இழுப்பறையில், பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் கிடந்தது. நீ போன் செய்தாய்.

"ஸோ அப்பா, வாங்கலாமா?"

"பாக்கலாம்."

அப்போதாவது அறிக்கையைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். "ஓகே அப்பா. ஐ காட் இட்" என்றாய். மறுநாள் கிளெனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். நான் அந்தச் சொல்லை என்ன பொருளில் சொன்னேனோ அதே பொருளில் நீ எடுத்துக்கொண்டாய். ஒன்பது வயதில் இரண்டு மாதம் கழித்துப் புரிந்தது முப்பத்தேழு வயதில் உடனே புரிந்தது. ஒரு நல்ல மனிதர் பராமரித்த நல்ல வண்டியை நாம் தொட்டியில் போட்டோம், யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஏன் செய்தேன் என்று நிறைய யோசித்தேன். மலைப்பாதைகள், பிரேக், இனியாவின் படிப்பு என்று காரணம் சொல்ல ஆசைதான். அவை எதுவும் உண்மையான காரணம் அல்ல. உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பன்னிரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு இனியா வந்து, என் நாற்காலியில் ஏறி, என் பட்டியல்களின் பின்புறத்தில் குதிரை வரைவாள். அந்தப் பன்னிரண்டு நிமிடம் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத எண்ணை நான் தாங்கமாட்டேன். அவ்வளவுதான். என் அப்பாவை விட்டுவிட்டு நான் இவ்வளவு தூரம் வந்தவன், விமான நிலையத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அவர் என் பெட்டியை ஒளித்துவைக்கவில்லை. நான் உன் பெட்டியை ஒளித்துவைத்தேன்.

அதனால் நடந்தது என்ன? வாடகை ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது நீ அவசரமாகத் தேடினாய், இந்த வெள்ளை வண்டி கிடைத்தது. பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பித்து விற்கும் ஒருவரிடம். உள்ளே புதிய தரை, புதிய திரைச்சீலை, இனியாவின் மேல்படுக்கையில் ஒரு சின்ன விளக்கு. அவள் அதைப் போட்டுப் போட்டு அணைத்தாள். நீ விளக்கைப் பார்த்தாய், நான் மூலையைப் பார்த்தேன். கூரை மூலையில் மட்டும் வண்ணம் புதியது. தண்ணீர் இறங்கிய இடத்துக்கு மேல் பூசியது போலத் தெரிந்தது. டயர்களைப் பளபளவென்று துடைத்துவைத்திருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் அது தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். அவை எட்டு வருடத்துக்கு முந்தைய டயர்கள். தேயாமலே கிழமாகிப்போனவை. இதெல்லாம்கூடச் சரிசெய்யக்கூடியதுதான். நான் மறுபடியும் ஆயில் எடுத்து அனுப்பினேன்.

முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த ஆயில் புதிது, விற்பதற்காக அண்மையில்தான் மாற்றியிருக்கிறார்கள், தேன் நிறத்தில் இருந்தது. அந்தப் புதிய ஆயிலிலேயே சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கின்றன. எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட்டில் இருக்க வேண்டிய உப்புகள் அவை. ஆயிலில் அவை இருந்தால், உள்ளே எங்கோ கூலண்ட் கசிந்து ஆயிலோடு கலக்கிறது என்று பொருள். கூலண்ட் தொட்டியிலும் பழைய மட்டத்தின் கோடு இப்போதைய மட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே தெரிந்தது. இந்த எஞ்சின் இன்றைக்கு ஓடும், அடுத்த மாதமும் ஓடலாம். பிறகு, நெவாடாவில் போன் சிக்னல் இல்லாத ஏதோ ஓர் ஏற்றத்தில் நின்றுவிடும். உங்கள் வீடும் அதுவே, வண்டியும் அதுவே.

செவ்வாய் மாலை உனக்குப் போன் செய்தேன். ஆயிலில் சோடியம் அதிகமாக இருக்கிறது என்றேன். நீ கோபப்படவில்லை. நீ கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்பா, போன தடவையும் ஏதோ இருந்துச்சு. எவ்ரி எஞ்சின் ஹாஸ் சம்திங். உங்களுக்கு நாங்க போறது பிடிக்கல, தெரியும். இட்ஸ் ஓகே."

"இல்லப்பா, இது வேற."

"வேறன்னா?"

வேறு என்றால், போன தடவை எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் இது வேறு. அதற்குப் பதில் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "சரி, பாக்கலாம்" என்றேன். நீ மெல்லச் சிரித்தாய். "யா அப்பா, பாக்கலாம்" என்று என் குரலிலேயே சொல்லிவிட்டு வைத்தாய்.

நேற்றுக் காலை இரண்டு அறிக்கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்தாள்.

"இதுல எல்லாம் நார்மல்னு போட்டிருக்குது. இது எந்த வண்டிங்க?"

"லோடை வண்டி."

"பையன்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லணும். பாக்கலாம்."

அவள் தாளை வைத்தாள். "நீங்க பாக்கலாம்னு சொன்னதயெல்லாம் பாத்திருந்தா, நான் இந்நேரம் உலகத்தையே சுத்திப் பாத்திருப்பேனுங்க" என்றாள். சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்தாள். "நானே அவனுக்குப் போன் பண்ணிருவேன். ஆனா நான் சொன்னா அது உங்களக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லிருங்க. காபி ஆறுது."

காபி குடித்துவிட்டு நான் முதலில் கிளெனுக்குப் போன் செய்தேன். உன்னிடம் பேசுவதைவிட அது எளிது என்பதால்தான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. உங்கள் எஞ்சினில் குறை எதுவும் இல்லை, என் மகனிடம் நான் சரியாகச் சொல்லவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர், அந்தப் பிசுக்கை அன்றைக்கு மாலையே கழுவிவிட்டேன், நீங்கள் அதைத்தான் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏன் என்றுதான் தெரியவில்லை என்றார். மகன் தூரம் போகிறான் என்றேன். அவருக்கும் ஒரு மகள் டெக்சாஸில் இருக்கிறாளாம். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வண்டி இன்னும் விற்கவில்லை. அடுத்த வாரம் ஒருவர் பார்க்க வருகிறார் என்றார். சனிக்கிழமை காலை நான் வரலாமா என்று கேட்டேன். வரச் சொன்னார். நீ வருவாய் என்று நான் சொல்லவில்லை. உன் சார்பாக எதையும் சொல்லும் உரிமை எனக்கு இப்போது இல்லை.

இரண்டு அறிக்கைகளும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. என்னை நம்பச் சொல்லவில்லை. ஆய்வகத்தின் தொலைபேசி எண் தாளின் மேலேயே இருக்கிறது, நீயே கேள். டீசல் எஞ்சின் தெரிந்த வேறொரு மெக்கானிக்கிடம் இரண்டு தாள்களையும் காட்டு. எது யாருடையது என்று சொல்லாமல் காட்டு. வெள்ளை வண்டியை விற்பவரிடம், நான் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து கூலண்ட்டை அழுத்தச் சோதனை செய்கிறேன் என்று சொல்லிப் பார். அவர் முகம் உனக்குச் சொல்லும். லோடை வண்டியையும் வேண்டாம் என்று நீ முடிவுசெய்தால் அதுவும் சரிதான். வாடகை முடிந்து வண்டி அமையாவிட்டால், எத்தனை மாதமானாலும் இந்த வீட்டில் இருங்கள். இதைச் சொல்லும்போதே எனக்குள் ஒன்று மகிழ்கிறது, அதையும் நீ தெரிந்துகொண்டே முடிவுசெய்.

எந்த வண்டியானாலும் சில விஷயங்கள். எல்லாச் சாமான்களையும் ஏற்றிய பிறகு, லாரிகள் நிறுத்துமிடத்தில் இருக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார், டயரின் காற்றை அந்த எடைக்குத்தான் வைக்க வேண்டும். கூரை ஒட்டுகளை வருடத்துக்கு இரண்டு முறை ஏறிப் பார். திரும்பும்போது வண்டியின் பின்பாகம் எதிர்ப்பக்கம் வீசும், முதல் மாதம் சுகன்யா இறங்கி நின்று பார்த்துச் சொல்லட்டும், அவள் நிறுத்து என்றால் காரணம் கேட்காமல் நிறுத்து. இன்னொன்று வண்டியைப் பற்றியதல்ல. மில்பிடாஸ் அப்பார்ட்மென்ட்டில் நானும் அம்மாவும் சண்டை போட்டால் மூடிக்கொண்டு உட்கார பாத்ரூம் கதவு ஒன்றுதான் இருந்தது. யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்குத்தான் அது. பெரும்பாலும் நான்தான் முதலில் போவேன். அம்மா வெளியே நின்றுகொண்டே காத்திருப்பாள், என்னிடம் எதுவும் கேட்காமல். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கதவுக்கு உள்ளே இருந்த எனக்குத் தெரியவில்லை. உங்கள் வண்டியிலும் மூடக்கூடிய கதவு ஒன்றுதான் இருக்கும். நீ என் மகன் என்பதால் சொல்கிறேன், அதற்குள் முதலில் போகிறவனாக இருக்காதே. வெளியே நின்று, வேண்டும் என்றால் வேண்டும், முடியாது என்றால் முடியாது என்று சொல். இனியா ஏதாவது கேட்கும்போதும் அப்படியே சொல். அவளுக்கு உன்னைவிடத் தமிழ் நன்றாகப் புரிகிறது.

நாளை சுகன்யா இனியாவை அழைத்துப்போக வரும்போது இதை அவளிடம் கொடுப்பேன். அவள் முன்னால் நிற்க வெட்கமாகத்தான் இருக்கும், என்னை நம்பி வேலையைக் கொடுத்தவள் அவள். படித்துவிட்டு நீ எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பதில்லை.

சனிக்கிழமை லோடைக்கு அம்மாதான் கார் ஓட்டுகிறாள். ஃப்ரீவேயில். காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். பையை இப்போதே எடுத்துவைத்துவிட்டேன். டார்ச், காற்றழுத்தம் பார்க்கும் கருவி, அம்மா கட்டிக்கொடுத்த ஒரு டப்பா முறுக்கு. பட்டியலை எடுக்கவில்லை. ஏழே முக்காலிலிருந்து நான் டிரைவ்வேயில் உட்கார்ந்திருப்பேன்.

வா, பார்க்கலாம்.

அப்பா